பீடமா, பணியா?

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்திலே லாசரஸ் சர்ச் ரோடு என்றொரு சாலை இருக்கிறது. காரிலே போகும் கனவானும் அந்தச் சாலையிலே போகிறார். கட்டடத்துக்குச் சாந்துச் சட்டி சுமக்கும் சித்தாளும் அதே சாலையிலேதான் போகிறாள். யார் அந்த லாசரஸ் என்று நின்று கேட்பவர் சிலரே!

விவிலியத்திலே லாசரு என்ற பெயரில் இருவர் உண்டு. ஒருவன், இறந்து கல்லறையில் வைக்கப்பட்ட பின் உயிர்த்தெழுந்ததாகச் சொல்லப்படுபவன். மற்றவன், ஏசுநாதர் சொன்ன கதையிலே வருகிற பிச்சைக்காரன். பட்டாடை உடுத்திய பணக்காரன் உள்ளே நாள்தோறும் விருந்துண்டான். இவனோ உடலெல்லாம் புண்ணாக வாசலிலே கிடந்தான். பந்தியில் சிந்தியதாவது கிடைக்காதா என்று ஏங்கினான். அவன் புண்ணை நாய்கள் வந்து நக்கின. அந்தக் கதையிலே ஒரு வேடிக்கை பாருங்கள், தோழர்களே! பணக்காரனுக்குப் பெயரே இல்லை. பிச்சைக்காரனுக்குத்தான் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைத்தான் ஐரோப்பாவிலே தொழுநோயாளர் விடுதிகளுக்கு வைத்தார்கள்.

நாம் வேதம் ஓத வரவில்லை. கோயில் மணிக்கும் நாம் குனிந்ததில்லை. சர்ச் மணிக்கும் குனியப் போவதில்லை. நாம் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி. வாசலில் கிடப்பவனிடம் குனிகிறவன் தலைவனா? உள்ளே பீடத்தில் அமர்ந்து ஆசி வழங்குகிறவன் தலைவனா? கிறிஸ்தவ சமுதாயம் தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. நம்மைப் போன்றவர்களும் காது கொடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி!

கொல்லிமலையைக் கேட்டால் பதில் சொல்லும்.

காய்ச்சலுக்குப் பெயர் போன மலை அது. கீழ்நாட்டான் ஏறப் பயந்த மலை. 1913இல் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயரும், அவரை மணந்த எவலின் அம்மையாரும் அந்த மலையிலே குடியேறினர். மருந்து கொடுத்தனர்; நரம்புச் சிலந்தி நோயோடு போராடினர்; தச்சு வேலை முதலாய தொழில் கற்பித்தனர். 1929இல் ஜெஸ்ஸி பிராண்ட் அந்த மலைக் காய்ச்சலுக்கே பலியானார். அம்மையார் என்ன செய்திருக்கலாம்? கப்பலேறித் தாய்நாடு போய், அங்கேயே தங்கியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ திரும்பி வந்தார்.

எழுபதை நெருங்கும் வயது வந்தது. வயதாயிற்று, ஓய்வு பெறுங்கள் என்றது மிஷன். சரி என்று ஓய்வு பெற்றார், பிறகு மீண்டும் மலை ஏறினார்! பதவி இல்லை, சம்பளம் இல்லை, பின்னால் நிற்கச் சங்கமும் இல்லை. மட்டக் குதிரை மீதேறி, அது முடியாதபோது இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றி, கொல்லிமலை, கல்ராயன் மலை, பச்சைமலை என்று ஊர் ஊராக நடந்தார். 1974இல், 95ஆவது வயதில், அந்த வாழ்வு முடிந்தது. தலைமை என்ற சொல்லுக்கு அகராதியிலே பொருள் தேடுவோர் அந்த இரண்டு மூங்கில் கோல்களைப் பார்க்கட்டும்!

அவர்களுடைய மகன் பால் பிராண்ட், 1914இல் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். அந்நாளிலே தொழுநோயாளன் என்றால் ஊர் ஒதுக்கும், உற்றார் ஒதுக்குவர், மருத்துவர்களிலே கூடப் பலர் தொடத் தயங்குவர். விரல் தானாக அழுகி விழுகிறது, நாம் என்ன செய்ய முடியும் என்பதே அன்றைய பேச்சு. பிராண்ட் அந்தக் கைகளைத் தொட்டார், பிடித்துப் பார்த்தார், ஆராய்ந்தார். விரல் தானாக விழவில்லை. நரம்பு செத்து உணர்ச்சி போனதால், சுட்டாலும் வெட்டினாலும் வலி தெரியாமல் காயப்பட்டுக் காயப்பட்டே கை அழிகிறது என்று எடுத்துக்காட்டினார். மடங்கிப் போன விரல்களை, முன்கையிலே நலமாக உள்ள தசையின் நாணை மாற்றிப் பொருத்தி நிமிர்த்தும் அறுவையை 1948இல் தொடங்கினார்.

கை நிமிர்ந்தது. கதை முடிந்ததா? இல்லை! கை நேரானவன் ஊருக்குப் போனான். முன்பு முடமான கையைப் பார்த்துக் காசு போட்டவர்கள், இப்போது போடவில்லை. முன்பு வேலை கொடுக்காதவர்கள், இப்போதும் கொடுக்கவில்லை. பிச்சையும் போயிற்று, பிழைப்பும் இல்லை! அறுவைக் கத்தி சாதித்ததைச் சமுதாயம் சாய்த்துவிட்டது. அந்த நிலை கண்டுதான் வேலூரிலே மண்சுவர்க் குடில்களைக் கொண்ட ‘புதுவாழ்வு மையம்’ எழுந்தது. அங்கே மருத்துவரே தச்சுப் பட்டறையில் நின்று, உணர்ச்சியற்ற கை காயப்படாமல் உளி பிடிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்.

பாட்டாளித் தோழர்களே, இந்த இடத்திலே சற்று நில்லுங்கள். தருமம் வேறு, தொண்டு வேறு. காசை வீசிவிட்டுக் கைகழுவுவது தருமம். அவன் கையிலே உளியைக் கொடுத்து, அவன் சொந்தக் காலில் நிற்கும் வரை பக்கத்தில் நிற்பது தொண்டு. முன்னது வாங்குகிறவனைக் கூனவைக்கும். பின்னது அவனை நிமிர வைக்கும்.

“எல்லாம் மதம் மாற்றச் செய்த தந்திரம்!” என்பர் சிலர். அவர்கள் தம் மதத்தைப் பரப்ப வந்தவர்கள்தாம். அதை அவர்களே மறைக்கவில்லை, நாம் ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் திருப்பிக் கேட்கிறோம்: அவர்கள் வருவதற்கு முன்பும் கொல்லிமலை இங்கேதானே இருந்தது? மலை அடிவாரத்திலே மடங்கள் இல்லையா, மானியங்கள் இல்லையா, மகான்கள் இல்லையா? ஏறி வராதே என்று எவரைத் தடுத்தது அந்த மலை?

திண்டிவனத்திலே ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து கதவைத் தட்டிய வரலாறு நாடறியும். மூன்று வீட்டிலும் பெண்கள் பிரசவ வேதனையில் துடித்தனர். ஆண் மருத்துவர் இருந்தார், ஆனால் ஆணைத் தொடவிட வழக்கம் இடம் தரவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் பிணம்! அந்த இரவுதான், மருத்துவம் தெரியாத இளம்பெண் ஐடா ஸ்கடரை மருத்துவராக்கியது. 1918இல் வேலூரிலே பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கச் செய்தது. அந்த மூவரில் ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவரும் கிறிஸ்தவரல்லர். நோய் வந்தவரிடம் மதம் கேட்டா மருந்து கலக்கினார் அந்த அம்மையார்?

வெள்ளையர் என்றால் எல்லோரும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. பணி செய்தவர்களிலேயே கூட, எட்ட நின்று இரக்கம் காட்டியவர்கள் ஏராளம். அந்த மனப்பான்மையை முகத்துக்கு நேரே சாடியவர் ஒரு தமிழர்! திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில், கிராமப் போதகர் ஒருவருக்கு 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா.

1910இல் எடின்பரோ நகரிலே உலக மிஷனரிகளின் மாநாடு. அங்கே எழுந்தார், எழுதிப் பேசினார். பொருள் இதுதான்: உங்கள் தியாகத்தை மறுக்கவில்லை, பொருள் தந்தீர்கள், உயிரும் தந்தீர்கள், ஆனால் எங்களைச் சமமாக உட்கார வைத்தீர்களா? எங்களுக்குத் தேவை எசமானர்கள் அல்லர், நண்பர்கள்! அவை அதிர்ந்தது. இரண்டே ஆண்டில், 1912இல், ஆங்கிலிகன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார் அவர்.

பீடம் கிடைத்தது. பீடத்திலே ஒட்டிக்கொண்டாரா? தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்குப் போனார். அந்த மக்களின் மொழியைக் கற்றார். மாலா, மாதிகா என்று ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட மக்களிடையே, 1945இல் கண்மூடும் வரை உழைத்தார். மக்களின் மொழி பேசாதவன் மக்களின் தலைவனல்லன். கடற்கரையிலே போப்பும் கால்டுவெல்லும் வீரமாமுனிவரும் சிலையாக நிற்பதும் அதனால்தானே! 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் தமிழகம் அவர்களுக்குச் செய்த மரியாதை, அவர்கள் மதத்துக்குச் செய்ததன்று. மொழி கற்று மக்களோடு வாழ்ந்த மனத்துக்குச் செய்தது.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டினோம். இனிக் கேட்க வேண்டியதைக் கேட்போம்.

வடக்கன்குளம் ஆலயத்திலே சாதிக்கொரு பக்கம் பிரித்து, நடுவே சுவர் எழுப்பினார்களே, அது எந்த வேதத்திலே எழுதியிருந்தது? அந்தச் சுவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களும் இருந்தார்கள்! திருச்சி மேலப்புதூர்க் கல்லறையிலே செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் வைத்தார்களே, பிணத்துக்குமா சாதி? சிலுவையை வாங்கிக்கொண்டவர்கள், சாதியை வாசலிலே கழற்றி வைக்க மறந்தார்கள். ஒடுக்கப்பட்ட வகுப்பிலிருந்து ஒருவர் கர்தினால் ஆவதை இந்தியா காண 2022 ஆக வேண்டியிருந்தது. ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா அந்த இடத்துக்கு வந்தபோது வாழ்த்தினோம். இத்தனை நூற்றாண்டு ஏன் ஆயிற்று என்று கேட்கவும் செய்கிறோம்.

சபைக்குள்ளே இப்படி என்றால், சர்க்கார் செய்தது என்ன? 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, தாழ்த்தப்பட்டோர் பட்டியலை இந்துக்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டியது. 1956இல் சீக்கியருக்கு வழி திறந்தது. 1990இல் பவுத்தருக்குத் திறந்தது. கிறிஸ்தவனான ஆதிதிராவிடனுக்குக் கதவு சாத்தியே கிடந்தது. ஊரார் கண்ணிலே அவன் மாறவில்லை. தேநீர்க் கடையிலும் சுடுகாட்டிலும் அவன் மாறவில்லை. சலுகைப் பட்டியலிலே மட்டும் மாறிவிட்டானாம்! ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கச் சொல்லி 2007இல் அறிக்கை தந்தது. அவர்களையும் பட்டியலில் சேர்க்கத் தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. இந்தக் கோரிக்கைக்குப் பேராயர்கள் அறிக்கை விட்டால் மட்டும் போதாது. தில்லியைக் கேட்கும் அதே வாயால், தம் ஆலயத்தையும் கேட்க வேண்டும். தம் கல்லூரியிலே, தம் மருத்துவமனையிலே, தம் நிர்வாகக் குழுவிலே அந்த மக்களுக்கு எத்தனை இடம் என்று சொல்ல வேண்டும். சொத்துக்காகவும் பதவிக்காகவும் நீதிமன்றப் படியேறும் வேகத்திலே பாதி இதற்கும் வேண்டாமா?

ராஜா அண்ணாமலைபுரத்துக்கே வருவோம். அந்தப் பெயருக்கு உரியவர், 1929இல் சிதம்பரத்திலே பல்கலைக்கழகம் கண்டவர். தமிழனுக்குத் தமிழிலே இசை வேண்டும் என்று துணை நின்றவர். செல்வம் படைத்தவர் பெயரால் அமைந்த இந்தப் பகுதியிலே, பக்கிங்காம் கால்வாய்க் கரையிலே குடிசை போட்டு வாழ்ந்தவர்களும் உண்டு. மாளிகையின் பாத்திரத்தைத் துலக்கியவர்கள் அவர்கள். மாடிக் கட்டடத்துக்குக் கல் சுமந்தவர்கள் அவர்கள்.

2022 மே மாதத்தில் கோவிந்தசாமி நகரிலே, நீதிமன்ற ஆணைப்படி, வீடுகள் இடிக்கப்பட்டபோது, ஒருவர் தீக்குளித்து உயிர் நீத்தார். ஆட்சி யாருடையதாயினும் அந்தத் தீ நம் நெஞ்சைச் சுட வேண்டும். ஆக்கிரமிப்பு என்பது சட்டத்தின் சொல். வாழ்க்கை என்பது மக்களின் சொல். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடும்பங்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டால் கூரை கிடைக்கலாம். காலையிலே வீட்டு வேலைக்குப் போன பெண்ணின் வேலை கிடைக்குமா? பிள்ளையின் பள்ளிக்கூடம் கூடவே வருமா? 1970இல் குடிசை மாற்று வாரியம் கண்டபோது, ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்றோம். இருந்த இடத்திலேயே மாடிவீடு என்பதல்லவா அந்தச் சிரிப்புக்கு வழி!

இங்கேதான் உள்ளூர்ச் சபைத் தலைமைக்கு உரைகல் இருக்கிறது. வெளியேற்ற நோட்டீசு வருகிற நாளிலே, அதைப் படித்துச் சொல்ல அந்தத் தெருவிலே பாதிரியார் நிற்கிறாரா? வழக்காட வக்கீலைத் தேடிக் கொடுக்கிறாரா? மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளி அறைகளைக் குடிசைப் பிள்ளைகள் படிக்கத் திறந்துவிடுகிறாரா? உதவி கேட்டு வந்தவனிடம், நீ நம் சபையா என்று கேட்காமல் இருக்கிறாரா? கிறிஸ்துமஸ் நாளிலே புடவை கொடுப்பது படத்துக்கு அழகு. மற்ற 364 நாளும் பக்கத்தில் இருப்பதுதான் பணிக்கு அழகு.

இதையெல்லாம் படித்துவிட்டு, “நன்றாகக் கேட்டார்கள் பாதிரிமார்களை!” என்று கைதட்டும் கழகத் தோழர்களுக்கும் ஒரு சொல். உரைகல் அவர்களுக்கு மட்டுமா? கிளை மன்றத்தின் கதவு தேர்தலுக்குப் பின்னும் திறந்திருக்கிறதா? மேடையில் நாற்காலிக்கு நடக்கும் போட்டி, கால்வாய்க் கரையில் தொண்டுக்கு நடக்கிறதா? எழுபது வயதில் எவலின் அம்மையார் மலை ஏறினார். முப்பது வயதில் நாம் மாடிப்படி ஏற மோட்டார் கேட்கிறோமா?

கும்பிடுபவன் கும்பிடட்டும், மறுப்பவன் மறுக்கட்டும். நாளை காலை கால்வாய்க் கரையிலே ஒரு குடும்பம் சட்டி பானையோடு தெருவுக்கு வருமானால், அங்கே முதலில் வந்து நிற்பவன் அங்கி அணிந்தவனா, கறுப்புத் துண்டு போட்டவனா என்று அந்தக் குடும்பம் பார்க்காது. வந்தானா என்றுதான் பார்க்கும்!

வந்தவனைத் தலைவன் என்போம். வராதவன் எந்தப் பீடத்தில் அமர்ந்திருந்தாலும், அவனுக்கு நாம் தரும் பெயர் வேறு.