காலைக் காட்டச் சொல்லுங்கள்!

கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? காரவள்ளியில் ஆரம்பித்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இருபதாவது வளைவிலேயே காலையில் தின்ற பொங்கல் 'நான் இங்கேதான் இருக்கேன்' என்று ஞாபகப்படுத்தும். நாற்பதில் கெஞ்சும். எழுபது முடிந்து செம்மேட்டில் இறங்கியபோது எங்கள் காரில் மூன்று பேர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தோம்.

இறங்கிய நேரம் நல்ல மழை. வல்வில் ஓரி சிலை நனைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு டீக்கடைக்குள் ஒதுங்கினோம். உள்ளே டி.வி.யில் பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஜெய்சங்கர் நாலு பேரோடு மோதிக்கொண்டிருந்தார். மேஜை உடைகிறது, ஒருவன் பறந்துபோய் அட்டைப்பெட்டிகள் மேல் விழுகிறான், பின்னணியில் டிரம்பெட்.

கூட வந்த நண்பர் உலக சினிமா ஆசாமி. கொரியா, ஈரான், ஹங்கேரி தவிர வேறு எந்த நாட்டுப் படமும் அவர் வீட்டுக்குள் நுழைய முடியாது. ஹாங்காங் குங்ஃபூ படத்துக்கு மட்டும் விசேஷ அனுமதி உண்டு. அவர் சிரிக்க ஆரம்பித்தார். "பாருய்யா, அடி விழறதுக்கு முன்னாடியே அவன் விழறான்!" என் பையனும் சிரித்தான். எதற்கு மறைக்க வேண்டும்? நானும் சிரித்தேன்.

ஓரத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டியிருக்கும். தலையில் துண்டு, கையில் கண்ணாடி டம்ளர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கி டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தவர், கொஞ்ச நேரம் கழித்து எரிச்சலாகச் சொன்னார்: "காலைக் காட்ட மாட்டேங்கறானுங்களே!"

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த வாரம் இந்தப் பக்கம்.

முதலில் ஒரு கேள்வி. வெளியே நனைந்துகொண்டிருந்தாரே ஓரி, அவர் கதை உங்களுக்குத் தெரியும். ஒரே அம்பு. யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானைத் துளைத்து, பன்றியைத் துளைத்து, கடைசியில் புற்றுக்குள் இருந்த உடும்பில் போய்த் தைத்தது. புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் படித்தோம், மார்க் வாங்கினோம், ஆடி மாதம் அரசு விழாவும் எடுக்கிறோம். யாராவது சிரிக்கிறோமா? 'ஒரு அம்புல அஞ்சு உசுரா, லாஜிக் இடிக்குதே' என்று யாராவது எழுந்து கேட்கிறோமா? ஜெய்சங்கர் நாலு பேரை அடித்தால் மட்டும் எல்லோருக்கும் நியூட்டன் விதி ஞாபகம் வந்துவிடுகிறது!

நண்பரிடம் இதைக் கேட்டேன். "அது இலக்கியம்யா" என்றார். சரி, குங்ஃபூ? "அது கலை." அப்போ இது? "இது டிஷ்யூம் டிஷ்யூம்."

இந்தப் பாகுபாடுதான் எனக்குப் புரியவில்லை. '36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்' 1978ல் வந்த படம். இயக்குநர் லாவ் கார் லியுங், வழிவழியாகக் குங்ஃபூ கற்ற குடும்பத்துக்காரர். அதனால் அந்தப் படத்துக்கு மரியாதை. நியாயம்தான், அற்புதமான படம். ஆனால் அதே நண்பரிடம் 'ஜூடோ ரத்னத்தைத் தெரியுமா' என்று கேட்டால், "முரட்டுக்காளை ரயில் சண்டைக்காரர்தானே?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

அந்த மனிதரின் கணக்கு எங்கே தொடங்கியது தெரியுமா? நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்த மலையிலிருந்து இறங்கி இரண்டு, மூன்று மணி நேரம் போனால் சேலம். அங்கே ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ். குடியாத்தத்துக்காரரான ரத்னம் 1959ல் 'தாமரைக்குளம்' படத்தில் நடிகராகத் தலைகாட்டியவர். சண்டைப் பயிற்சியாளராக ஆனது மாடர்ன் தியேட்டர்ஸின் 'வல்லவன் ஒருவன்' படத்தில். வருடம் 1966. ஹீரோ ஜெய்சங்கர். புரூஸ் லீயின் 'என்டர் தி டிராகன்' வர இன்னும் ஏழு வருடம் இருக்கிறது! கராத்தே, ஜூடோ என்ற வார்த்தைகளை நம் ஊர் தரை டிக்கெட்டு அறியாத காலத்தில், பெயருக்கு முன்னால் ஜூடோவைச் சேர்த்துக்கொண்டு ஒருவர் சேலத்தில் நின்றிருக்கிறார். பதினாலு வருடம் கழித்து 1980ல் 'முரட்டுக்காளை'. அதே ரத்னம். அதே ஜெய்சங்கர், இந்தமுறை வில்லனாக. 2023 ஜனவரியில் தொண்ணூறைத் தாண்டிய வயதில் ரத்னம் இறந்தபோது ரஜினி நேரில் வந்து அஞ்சலி செலுத்தினார். நாம் செய்திக்குக் கீழே ஆழ்ந்த இரங்கல் என்று டைப் அடித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டோம்.

மாடர்ன் தியேட்டர்ஸைப் பற்றித் தெரியாதவர்களுக்கு நாலு வரி. டி.ஆர்.சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸில் போய் ஜவுளித் தொழில் படித்தவர். ஊர் திரும்பியவர் மில் கட்டாமல் ஸ்டூடியோ கட்டினார். நூறு படங்களைத் தாண்டி எடுத்த கம்பெனி அது. மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' (1938) இவர்கள் எடுத்ததுதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இவர்களுடையதுதான். இன்று அங்கே குடியிருப்புகள். பழைய வாசல் வளைவு மட்டும் நிற்கிறது. செல்ஃபி எடுக்க வசதி.

அதே கம்பெனியின் 'உத்தம புத்திரன்' பார்த்திருக்கிறீர்களா? சிவாஜி நடித்ததைச் சொல்லவில்லை. 1940ல் வந்தது, பி.யு.சின்னப்பா இரட்டை வேடம். சின்னப்பா சிலம்பமும் உடற்பயிற்சியும் முறையாகப் பழகியவர். பாட்டுக்காரர் என்று மட்டும் அவரை மூட்டை கட்டி வைத்துவிட்டோம். அதற்கும் முன்னால் 1937ல் 'மின்னல்கொடி'. கே.அமர்நாத் இயக்கி, கே.டி.ருக்மணி ஆக்‌ஷன் நாயகியாக நடித்த படம். வருடத்தை இன்னொரு தரம் படியுங்கள். 1937! பெண்ணை நடுநாயகமாக வைத்து இன்றைக்கு ஒரு ஆக்‌ஷன் படம் எடுத்தால் 'முதன்முறையாக' என்று போஸ்டர் அடிக்கிறார்கள்.

1957ல் தேவரின் 'நீலமலைத் திருடன்'. ஹீரோ ரஞ்சன். 'சந்திரலேகா'வில் வாள் சுழற்றினாரே, அவரேதான். அந்த ஆள் வாளைப் பிடிக்கும்போது மணிக்கட்டைக் கவனியுங்கள், பரதம் தெரிந்தவர் என்பது புரியும்.

அப்புறம் கர்ணன். ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர். 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா', 'ஜக்கம்மா' (இரண்டும் 1972). தொப்பி, பூட்ஸ், குதிரை, புழுதி. கதை என்ன என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் ஞாபகமில்லை. குதிரையின் வயிற்றுக்குக் கீழே கேமராவைக் கொண்டுபோகத் துடித்த மனுஷன் அவர். சிம்புதேவன் 2010ல் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்து ஒரு ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்று பெயர் வைத்தார். கிண்டல்தான், ஆனால் பிரியமாகக் கிண்டல் பண்ணினார். நாம் அந்தக் கிண்டலை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சரி, பெரியவருக்கு வருவோம். "ஏங்க, எதுக்குக் காலு?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'இவன் டவுன் ஆளு' என்பது அந்தப் பார்வையின் பொருள்.

"கம்பு சுத்தறவன் கையில என்னாங்க இருக்குது? எல்லாம் காலுலதான். கால் மாத்தி வெக்கத் தெரியாதவன் என்னா சுத்துனாலும் அடி வாங்குவான். அந்தக் காலத்துல கீழ்நாட்டுல கொட்டாயில பாப்போமுங்க. பலாப்பழத்தைச் சுமந்துக்கிட்டு எறங்கி, வித்துப்புட்டு, ராத்திரி ஆட்டம் பாத்துட்டு, விடியால மறுக்கா ஏறுவோம். இவன் வாத்தியார்கிட்ட பழகுனவன், இவன் சும்மா ஆடறான்னு காலைப் பாத்தே சொல்லிப்புடுவோம்."

சார், இதுதான் விமர்சனம்! ஹங்கேரி வரைக்கும் போக வேண்டாம்.

அவர் சொன்னதை வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்துச் சண்டையில் கேமரா தள்ளி நிற்கும். தலை முதல் கால் வரை ஆள் தெரிவான். ஒரு ஷாட் ஓடிக்கொண்டே இருக்கும். ஷா பிரதர்ஸின் நல்ல படங்களிலும் இதுதான் முறை. வேகம் காட்ட, வினாடிக்கு 24 ஃபிரேம் ஓட்ட வேண்டிய கேமராவைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுவார்கள், திரையில் பரபரவென்று தெரியும். இந்தத் தந்திரம் ஹாங்காங்கிலும் உண்டு, கோடம்பாக்கத்திலும் உண்டு. மற்றபடி உடம்புதான். தாண்டியது ஒரு ஆள், விழுந்தது ஒரு ஆள். அடி விழும் முன்பே விழுந்தானே என்று என் நண்பர் சிரித்தார். உண்மைதான், நேரம் தப்பிவிட்டது. ஆனால் அவன் விழுந்த தரை தப்பவில்லையே!

இன்றைய சண்டைகளைப் பாருங்கள். ஒரு குத்துக்கு ஏழு துண்டு. முஷ்டி, கண், வேட்டி, தூசி, மறுபடி கண். யார் யாரை அடித்தார்கள் என்று போலீஸ் விசாரித்தால்தான் தெரியும். ஹீரோவுக்குச் சண்டை தெரியாது என்பதை மறைக்க எடிட்டர் படும் பாட்டுக்குப் பெயர் மேக்கிங்.

பழைய படங்கள் எல்லாமே பொக்கிஷம் என்று நான் கொடி பிடிக்கவில்லை. பாதிக்கு மேல் குப்பை. கவர்ச்சி நடனத்துக்காகவே ஒரு வில்லன் குகை, குகைக்குள் ஒரு மது பாட்டில், பாட்டில் பக்கத்தில் ஒரு பெண். அதைவிட மோசம், மலைவாசி என்றால் தலையில் இறகு, இடுப்பில் இலை, 'ஜிங்கா ஜிங்கா' என்று ஒரு ஆட்டம். பெரியவரிடம் இதையும் கேட்டேன். "நாங்க நெல்லும் சாமையும் வெதச்சவங்க. எப்பங்க எறகு கட்டுனோம்?" என்றார். கோபமில்லாமல்தான் கேட்டார். எனக்குத்தான் டீ இறங்கவில்லை. இவ்வளவையும் தெரிந்துகொண்டே அந்த மனிதர் ராத்திரியோடு ராத்திரியாக மலையேறியிருக்கிறார், நாலு பேரின் காலைப் பார்த்த சந்தோஷத்தில்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு ஸ்க்ராப் வேல்யூ என்ற வார்த்தை ரொம்பப் பழக்கம். ஒரு பொருள் தேய்ந்து, பயன் தீர்ந்து, கடைசியில் காயலான் கடையில் என்ன கிடைக்குமோ அந்தத் தொகை. நம் பழைய படங்களுக்கு அந்தக் கணக்குதான் எழுதப்பட்டது. படச்சுருளில் வெள்ளி இருக்கிறது. கறுப்பு வெள்ளைச் சுருளைக் கழுவி வெள்ளி எடுத்தார்கள். மிச்சம் வளையலாகப் போனது. 1931ல் வந்த நம் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' பிரதியே இல்லை என்றால், சண்டைப் படத்தை யார் பத்திரப்படுத்துவார்கள்? காவியத்துக்கே கதியில்லை.

அதே நேரம் ஹாங்காங்கில் என்ன நடந்தது? ஷா பிரதர்ஸின் சுமார் 760 படங்களை 2000ல் செலஸ்டியல் பிக்சர்ஸ் என்ற கம்பெனி மொத்தமாக வாங்கியது. டிஜிட்டலில் புதுப்பித்து டிஸ்க்காக வெளியிட்டு உலகம் பூராவும் விற்றது. அதில் ஒரு டஜன் என் நண்பர் வீட்டு அலமாரியில், கண்ணாடிக்குப் பின்னால். அந்த 760ம் ஒழுங்கான படங்கள் என்று நினைக்கிறீர்களா? அதிலும் பாதிக்கு மேல் நம் கதைதான். ஆனால் அங்கே ஒருவன் அதைச் சொத்து என்று பேரேட்டில் எழுதினான். நாம் கழிவு என்று எழுதினோம். அவனுடையது கலை ஆனது, நம்முடையது டிஷ்யூம் ஆனது. வித்தியாசம் படத்தில் இல்லை சார், கணக்குப்பிள்ளையிடம் இருக்கிறது.

படத்துக்கே இந்த மரியாதை என்றால் விழுந்து எழுந்தவனுக்கு? தேசிய விருதுப் பட்டியலில் சண்டை இயக்கத்துக்கு ஓர் இடம் கிடைத்தது 2017ல்தான். 'புலிமுருகன்' படத்துக்காகப் பீட்டர் ஹெயின் வாங்கினார். ஆஸ்கர்காரர்கள் இன்னும் மோசம். 1929லிருந்து விருது கொடுக்கிறார்கள், ஸ்டண்டுக்கு ஒரு விருது என்று 2025ல்தான் அறிவித்தார்கள். அதுவும் 2027ல் வெளியாகும் படங்களிலிருந்து. அதே 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் படப்பிடிப்பில் கார் பாயும் காட்சியை எடுக்கும்போது ஒரு ஸ்டண்ட் கலைஞர் இறந்துபோனார். அவர் பெயர் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? ஹீரோ முகம் தெரிய வேண்டும், டூப் முகம் தெரியக் கூடாது. அதுதான் அந்த வேலையின் முதல் விதியே.

டீக்கடைக்குத் திரும்புகிறேன். பெரியவரின் எரிச்சலுக்குக் காரணம் எழுந்து போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்தக் காலத்துப் படம் கிட்டத்தட்ட சதுரம். இன்றைய டி.வி. அகலம். திரையை நிரப்பியாக வேண்டுமே! மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று வெட்டிவிட்டார்கள். மேலே ஜெய்சங்கரின் முடி போய்விட்டது, பரவாயில்லை. கீழே கால் போய்விட்டது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வாத்தியார் சொல்லிக்கொடுத்து, ஒருவன் வியர்க்க வியர்க்கப் பழகிய காலடியின் மேல் சேனல் லோகோவும், அதற்குக் கீழே சமையல் எண்ணெய் விளம்பரமும் ஓடிக்கொண்டிருந்தன. நாங்கள் சிரித்தது பாதிப் படத்தைப் பார்த்துத்தான்.

சேலம், நாமக்கல் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் தாத்தா கொட்டகை நடத்தியவராக, விநியோகஸ்தராக இருந்திருக்கலாம். பரணில் வட்டமான தகர டப்பா இருந்தால் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் சுருள் அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வெயிலில் காயவைக்காதீர்கள், பழைய பேப்பர்காரரைக் கூப்பிடாதீர்கள். புனேயில் 1964லிருந்து தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. 2022ல் அதை என்.எஃப்.டி.சி.யோடு சேர்த்துவிட்டார்கள். அவர்களுக்கு எழுதுங்கள். பதில் வரத் தாமதமானால் மறுபடியும் எழுதுங்கள்.

மழை விட்டதும் கிளம்பினோம். நண்பர் காரில் ஏறும்போது, "அந்த 1940 'உத்தம புத்திரன்' எங்கே கிடைக்கும்?" என்றார். தேடிக்கொண்டிருக்கிறார். பெரியவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, டி.வி.க்குக் கீழே குனிந்து ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.