மன்னாரின் இரண்டு கடல்கள்

ஆசிரியருக்கு,

மன்னார்த் தீவின் வடகரையில் பாக்கு விரிகுடா. தென்கரையில் மன்னார் வளைகுடா. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை நீளும் மணல்திட்டுகள் இரண்டையும் பிரிக்கின்றன. அங்கே ஆழம் குறைவு. பெருங்கப்பல்கள் இலங்கையைச் சுற்றியே போகின்றன.

ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோழகம் தென்கடலைக் கொந்தளிக்க வைக்கும். அப்போது வடகரையில், பேசாலைப் பக்கம், கடல் ஓரளவு அடங்கியிருக்கும். மாரியில் வாடை எழுந்தால் நிலைமை தலைகீழ்; வள்ளங்களும் வலைகளும் கரை மாற வேண்டியதுதான். அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளில் முத்துக்குளிப்பு நடந்ததும் இரு காற்றுகளும் ஓய்ந்திருக்கும் மாசி, பங்குனி, சித்திரையை ஒட்டியே. பருவம் தவறினால் சுழியோடிக்குக் கடலடி தெரியாது.

1914இல் தொடங்கிய தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவையைக் கொழும்பு ரயிலும் சென்னை ரயிலும் இரு கரையிலும் எதிர்கொண்டன. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றுபோனது. இன்று இக்கடலில் பெரும்பாலும் மீன்பிடிப் படகுகளே.

ஆகவே வானிலைப் பத்தியில் ‘மன்னார்க் கடல்’ என்ற ஒற்றை வரி கடற்றொழிலாளருக்குப் பயன்படாது. வடகடலுக்கும் தென்கடலுக்கும் காற்றின் திசையும் வேகமும் தனித்தனியே அச்சாக வேண்டும்.

வாசகர்,
மன்னார்