கம்ப்யூட்டர் பெட்டி பெரிதாகத்தான் இருக்க வேண்டும்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பிராசசர் என்ன, ரேம் எவ்வளவு, எஸ்.எஸ்.டி. எத்தனை ஜி.பி. என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். கேபினட் என்ன என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். கடைக்காரரும் பில் போடும்போதுதான், "கேபினட் நானே ஒண்ணு பார்த்துப் போட்டுடறேன் சார்" என்பார். அவர் பார்த்துப் போடுவது எதுவென்றால், இருப்பதிலேயே சின்னதாகவும் முன்னால் கலர் விளக்கு எரிவதாகவும் இருக்கும் ஒன்று.

நான் சொல்வது இதற்கு நேர் எதிர். கேபினட்டை முதலில் முடிவு செய்யுங்கள். நல்ல பெரிய, உள்ளே கை தாராளமாகப் போய் வரும் பெட்டியாக வாங்குங்கள். மீதியை அப்புறம் பார்க்கலாம்.

ஏனென்றால் மற்றதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும், பெட்டி மாறாது. ஏ.டி.எக்ஸ். என்ற அளவை இன்டெல் கம்பெனி கொண்டுவந்தது 1995-ல். முழு மதர்போர்டு 305 மி.மீ.க்கு 244 மி.மீ. ஸ்க்ரூ ஓட்டைகள் எங்கெங்கே வர வேண்டும் என்பது உட்பட அன்றைக்கு வைத்த கணக்குதான் இன்றும். பின்பக்கம் சொருகும் இடங்களுக்கான தகடு போர்டுடனேயே வந்துவிடும். என் கேபினட் 2008-ல் வாங்கியது. அதற்குள் இப்போது இருப்பது மூன்றாவது மதர்போர்டு. முன்பக்க யு.எஸ்.பி. மட்டும் பழைய வேகம். அதற்காகப் பெட்டியையே தூக்கிப் போட முடியுமா?

எங்கள் அடுக்குமாடியில் ஒருவர், பெயர் பெற்ற கம்பெனியின் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கினார். புத்தகம் மாதிரி அலமாரியில் நிற்கும், பார்க்க லட்சணம். நாலு வருஷத்தில் பவர் சப்ளை போயிற்று. கடையில் கிடைக்கும் எந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அதற்குள் நுழையாது. அந்தக் கம்பெனிக்கென்று தனி வடிவம், தனிப் பின். "அந்த மாடல் நின்னு போச்சு சார், புதுசு வாங்கிக்குங்க" என்று பதில். பிராசசர் நன்றாக இருந்தது, ரேம் நன்றாக இருந்தது. மொத்தமாகக் குப்பைக்குப் போயிற்று. அதே பழுது என் பெட்டியில் வந்தபோது நாலு ஸ்க்ரூ கழற்றி, நாலு ஸ்க்ரூ மாட்டி, அரை மணியில் வேலை முடிந்தது. அழகாக இருக்கிறது என்று நாம் வாங்கும் சின்னப் பெட்டி, நாம் திறக்கக் கூடாது என்பதற்காகவே செய்தது என்பது என் முடிவு.

நான் தொலைபேசித் துறையில் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன். ரேக்குக்கும் ரேக்குக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடம் விட்டிருப்பார்கள். இடம் வீண் என்று அங்கே யாரும் சொன்னதில்லை. பழுது பார்க்க வருகிறவனுக்கும் இடம் வேண்டும் என்று நினைத்துக் கட்டினார்கள்.

இப்போது நம் வயதை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டாலும் மதர்போர்டில் அச்சடித்த பொடி எழுத்து தெரிவதில்லை. விரல் லேசாக நடுங்குகிறது. சின்னப் பெட்டியில் ஒரு ஹார்ட் டிஸ்க் மாட்ட வேண்டுமானால் முதலில் பவர் சப்ளையைக் கழற்ற வேண்டும், அதற்கு முன் ஒரு கம்பியை விலக்க வேண்டும். ஸ்க்ரூ ஒன்று உள்ளே விழுந்தால் பெட்டியையே தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். பெரிய பெட்டியில் பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, நிதானமாக வேலை செய்யலாம். ஆள் வருவதற்காக மூன்று நாள் காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது சூடு. மே மாதம் சென்னையில் அறையே 38 டிகிரி. உள்ளே போகிற காற்றே அந்தச் சூட்டில்தான் போகிறது. பிராசசரின் சூடு அதன் மேல்தான் ஏறும். நூறு டிகிரியை நெருங்கினால் இன்றைய பிராசசர்கள் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். பணம் கொடுத்து வாங்கிய வேகம் பெட்டியின் நெருக்கடியில் போய்விடுகிறது. பெரிய பெட்டியில் 120 மி.மீ. ஃபேன் இரண்டு மூன்று மாட்டலாம். பழைய 80 மி.மீ. ஃபேனைப்போல இரண்டேகால் மடங்கு பரப்பு அதற்கு. அதே காற்றைத் தள்ள மெதுவாகச் சுற்றினால் போதும், மத்தியானம் தூங்குகிறவரையும் எழுப்பாது.

பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு அடைத்த பெரிய பெட்டிகளும் இப்போது வருகின்றன. காற்று எந்த வழியாக நுழையும்? ஓரத்தில் ஒரு கீற்று விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். மீன் தொட்டி வேண்டுமானால் மீன் தொட்டியே வாங்கலாம். முன்னால் வலைத் தகடு, அதன் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி, இதைத்தான் கேட்க வேண்டும். பின்பக்கம் கார்டு சொருகும் இடங்களில் மூடித் தகடு எல்லாம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று விட்டுப் போனாலும் பல்லி குடியேறிவிடும். (எர்த் இல்லாத ப்ளக்கில் போட்டால் எந்த இரும்புப் பெட்டியும் கையைச் சுர்ரென்று இழுக்கும். அது எலக்ட்ரீஷியனிடம் பேச வேண்டிய விஷயம்.)

எனக்கு முக்கியமான இன்னொன்று, டி.வி.டி. டிரைவ் மாட்டும் ஐந்தேகால் அங்குல இடம். புதுப் பெட்டிகளில் பெரும்பாலும் இதை எடுத்தே விட்டார்கள். "இப்பல்லாம் சிடி யார் மாமா போடறாங்க?" என்கிறான் என் தங்கை மகன். நாம்தான் போடுகிறோம். அவன் அம்மாவின் மணிவிழா வீடியோ அதில்தான் இருக்கிறது. எழுதிய சிடிக்கள் காலப்போக்கில் கெட்டுப்போகும். ஒவ்வொன்றாக ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி, இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில் நகல் வைக்க வேண்டும். அதற்கு ஒரு டி.வி.டி. டிரைவுக்கும் இரண்டு மூன்றரை அங்குல டிஸ்க்குக்கும் பெட்டியில் இடம் வேண்டும். வெளியே தொங்கவிடும் டிரைவ் இருக்கிறதே என்பார்கள். மேசை துடைக்கிறபோது ஒருமுறை கீழே விழுந்தால் அதோடு சரி.

இடத்தை அடைக்கும் என்பதுதான் பெரிய குறையாகச் சொல்வது. டவர் கேபினட் ஏறக்குறைய 45 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலம். மேசைக்குக் கீழே ஒரு முக்காலி போட்டு அதன் மேல் வைத்தால் யார் காலிலும் இடிக்காது. தரையில் மட்டும் வைக்காதீர்கள், வீடு துடைக்கிற தண்ணீர் போகும்.

ரிச்சி தெருவுக்குப் போனால் கண்ணுக்கு நேராக விளக்கு எரிவதைத்தான் அடுக்கியிருப்பார்கள். நிமிர்ந்து மேல் தட்டைப் பாருங்கள். கறுப்பாக, சதுரமாக, யாரும் கேட்காமல் இரண்டு மூன்று உட்கார்ந்திருக்கும். ஏணி போட்டு ஒன்றை இறக்கச் சொல்லி, பக்கத் தகட்டைக் கழற்றி, முழங்கை வரை உள்ளே விட்டுப் பாருங்கள்.