நூறாவது நாள் போஸ்டருக்கு வெளியே

அறுபதுகளின் தமிழ்ப் படங்களை வரிசைப்படுத்த நாலு ரசிகர்கள் உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. பாவ மன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் என்று 1961 என்ற ஒரே ஆண்டில் மூன்று படங்களைத் தந்த பீம்சிங்கை முன்னால் வைப்பதா, காதலிக்க நேரமில்லை எடுத்த ஸ்ரீதரை வைப்பதா, எதிர்நீச்சல் எடுத்த பாலசந்தரை வைப்பதா என்று பேச்சு ஓடும். எங்க வீட்டுப் பிள்ளையை விட்டுக்கொடுக்காதவர் ஒருவர் இருப்பார்; திருவிளையாடலுக்கு மேல் எதையும் ஒப்புக்கொள்ளாதவர் இன்னொருவர் இருப்பார். காவிரிப் படுகையில் இந்தப் பேச்சு எழுந்தால் தில்லானா மோகனாம்பாளை ஒதுக்கிவிட்டு யாரும் எழுந்து போக முடியாது. அந்தப் படத்துக்கு முதலிடம் தரலாம் என்பதே என் கட்சியும். ஆனால், அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் போதாதவை. சரியான காரணத்தைச் சொல்லப் புகுந்தால், அந்தப் பத்தாண்டுகளின் பட்டியலில் பெரிய ஓட்டை ஒன்று இருப்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஓடிய நாள் கணக்கை எடுத்துக்கொள்வோம். நூறு நாள், வெள்ளி விழா என்பவை மக்களின் தீர்ப்பு என்றும், அதற்கு மேல் விமர்சகனுக்கு என்ன வேலை என்றும் கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது போலத்தான் தெரியும். அந்த நாள்கள் எங்கே எண்ணப்பட்டன என்று பார்த்தால் நிலைமை வேறு. நூறாவது நாள் போஸ்டரில் இடம்பெறுபவை சென்னை, மதுரை, திருச்சி, கோவை போன்ற ஊர்களின் நிலையான திரையரங்குகள். வினியோகக்காரர்கள் ‘டி.டி. ஏரியா’ என்று சொல்லும் திருச்சி, தஞ்சாவூர்ப் பகுதியில், படம் பார்த்த கூட்டத்தில் பெரும்பங்கு கிராமத்துக் கீற்றுக் கொட்டகைகளில் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்தது. டூரிங் டாக்கீஸுக்குப் படம் வந்து சேர்வதே பெரிய ஊர்களில் ஓடி முடிந்த பிறகுதான். வந்த படமும் சில நாள்களில் மாறிவிடும். குறுவையோ சம்பாவோ அறுப்பு முடிந்து, கையில் நாலு காசு புரளும் நாள்களில் தரை டிக்கெட் எடுத்துப் பார்த்த விவசாயக் கூலியின் கைத்தட்டல் எந்த நூறாவது நாள் கணக்கிலும் ஏறவில்லை. ஆகவே மக்கள் தீர்ப்பு என்று நாம் சொல்லிக்கொள்வது நகரத்து டிக்கெட் கவுன்டரின் தீர்ப்புதான். அதற்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் பொதுவான தராசாக அதைத் தூக்கிப் பிடிக்க முடியாது என்கிறேன்.

அடுத்தது நடிகர் கணக்கு. 1964 பொங்கலன்று சிவாஜியின் கர்ணனும் எம்.ஜி.ஆரின் வேட்டைக்காரனும் ஒரே நாளில் வெளியாயின. கர்ணனைத் தயாரித்து இயக்கிய பி. ஆர். பந்துலு அதற்குக் கொட்டிய பணத்துக்கு ஏற்ற வசூல் அன்றைக்கு அமையவில்லை என்பார்கள். மறு ஆண்டே அவர் எம்.ஜி.ஆரை வைத்து ஆயிரத்தில் ஒருவன் எடுத்தார். ரசிகர்கள் இரண்டு முகாமாகப் பிரிந்து நின்ற காலத்தில், படம் எடுத்தவர் இரு பக்கமும் போய்வந்திருக்கிறார் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012இல் கர்ணன் மறுபடி வந்தபோது நூறு நாளைத் தாண்டியது. படம் அதே படம்தான். 1964இன் போட்டி மட்டும் சுற்றிலும் இல்லை. நடிகர் மேல் உள்ள பாசம் பிற தீர்ப்புகளையெல்லாம் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும் என்பதும் பொய். சிவாஜிக்குப் பூர்வீகம் தஞ்சைச் சீமையின் வேட்டைத்திடல். அந்தச் சீமையிலேயே, காவிரிக்கரைத் திருவையாற்றில், 1989 சட்டமன்றத் தேர்தலில் நின்று அவர் தோற்றார். அவர் நடிப்பைக் கொண்டாடிய வட்டாரம் நடிப்பை ஒரு தட்டிலும் வாக்கை வேறு தட்டிலும் வைத்தது. அவ்வளவு நிதானம் உள்ளவர்கள் படத்தையும் நடிகரையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் அல்ல.

அப்படிப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் டெல்டாவில் சினிமாவுக்கு முன்பே இருந்திருக்கிறது. கோயில் திருவிழாவில் விடிய விடிய நாகசுரம் கேட்ட ரசிகர்கள், எந்த வித்வான் பெரியவர் என்று மொட்டையாகச் சண்டை போட்டதில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை என்றால் தோடி என்று ராகத்தைச் சொல்லித்தான் பேச்சே ஆரம்பிக்கும். எந்த இடத்தில் என்ன வாசித்தார், எந்தப் பிடியில் நின்றார் என்று காட்டாதவனின் அபிப்பிராயத்தை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். படங்களை வரிசைப்படுத்துபவர்களிடமும் இதையே கேட்க வேண்டும்: எந்தக் காட்சி?

தில்லானா மோகனாம்பாளுக்கு இந்தக் கேள்வியைப் போட்டால் பதில் கொட்டுகிறது. 1968 ஜூலை 27 அன்று ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில் வெளியான படம். அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. கதை கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் ஐம்பதுகளில் எழுதிய தொடர். அதற்குப் படம் வரைந்த கோபுலு தஞ்சாவூர்க்காரர். விகடன் அதிபர் வாசன் திருத்துறைப்பூண்டிக்காரர். படத்தில் கேட்கும் நாகசுரம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. சிவாஜி ஊதவில்லை என்று யாருக்கும் தெரியும். ஆனால் சீவாளியை உதட்டில் பொருத்தும் விதம், மூச்சை அடக்கும்போது கழுத்து நரம்பு புடைப்பது, துளைகளின் மேல் விரல் எழுந்து படிவது எல்லாம், நரசிங்கம்பேட்டை ஆச்சாமர நாகசுரத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகிய கண்களுக்கு முன்னால் வைக்கப்பட்ட பரீட்சை. அந்தப் பரீட்சையில் அவர் தேறினார். கோஷ்டி ரயிலில் போகும் காட்சியையும் எடுத்துக்கொள்ளலாம். நாகசுரக்காரர் சண்முகசுந்தரமும் நாட்டியக்காரி மோகனாவும் பேசிக்கொள்ள வழியில்லை. நடுவில் மோகனாவின் தாய் வடிவாம்பாள் காவல். பெட்டிக்குள் பார்வைகள்தான் போய்வருகின்றன. தவில்காரராக வரும் பாலையா, வசனம் ஏதும் பெரிதாக இல்லாமல், முகத்தை வைத்துக்கொண்டே அந்தக் காதலுக்குத் தூது போகிறார். ஒன்றாகப் பயணம் செய்து, ஒன்றாக உண்டு, ஒருவர் மனசை ஒருவர் சொல்லாமலே அறிந்திருக்கும் ஒரு மேளக் கோஷ்டியின் வாழ்க்கை அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

இதற்கும் மேல் ஒன்று உண்டு. தேவதாசி முறையை ஒழித்த சென்னை மாகாணச் சட்டம் 1947இல் வந்தது. ஆடும் பெண்ணைப் பணக்காரனின் சொத்தாக நினைத்த வழக்கம் சட்டத்தோடு மறைந்துவிடவில்லை. சிங்கபுரம் மைனர், மதன்பூர் மகாராஜா என்று ஒவ்வொருவராக மோகனாவை விலை பேச வருகிறார்கள்; சவடால் வைத்தியாக வரும் நாகேஷ் அதற்குத் தரகு பார்க்கிறார். வைத்தியைப் பார்த்துச் சிரிக்கிறோம். சிரித்த கையோடு அந்த ஆளின் தொழில் என்ன என்பது உறைக்கிறது. கலைஞர்கள் யாரை அண்டிப் பிழைத்தார்கள், அந்த ஆதரவின் விலை என்ன என்பதை இவ்வளவு பெரிய நட்சத்திரப் படம் இவ்வளவு பச்சையாகக் காட்டியதற்கு அந்தப் பத்தாண்டுகளில் இணை சொல்வது கடினம். ஒலியை மட்டும் தனியே எடுத்தால், 1962இல் வந்த கொஞ்சும் சலங்கையில் ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் எஸ். ஜானகியின் குரலோடு போட்டியிட்டு வாசித்ததை நான் மேலே வைப்பேன். ஆனால் அந்தப் படத்தில் அந்த ஒரு பாட்டு மட்டும் தனியே எழுந்து நிற்கிறது. தில்லானாவில் இசை, தொழில், காதல், பிழைப்பு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முதலிடத்துக்கு இதுதான் காரணம்.

இனி ஓட்டையைப் பார்க்கலாம். படத்தின் நாயகன் சிக்கல் ஊர்க்காரன்; நாயகி திருவாரூர்க்காரி. படம் வந்து ஐந்து மாதம் நிரம்புவதற்குள், 1968 டிசம்பர் 25 இரவு, அதே கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் முடிவில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். எல்லாரும் ஒடுக்கப்பட்ட சாதி விவசாயக் கூலிக் குடும்பங்கள். பண்ணையாள் பாதுகாப்புக்கென்று தஞ்சைக்கு 1952இலேயே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், அந்தக் கொதிப்பு எவ்வளவு பழையது என்று புரியும். அறுபதுகளின் சிறந்த பத்துப் படங்கள் என்று யார் போட்ட பட்டியலையும் எடுத்துக்கொண்டு, இந்தச் சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்கள் அதில் எங்கே என்று தேடுங்கள். வயல் இருக்கும்; பாட்டுக்குப் பின்னணியாக இருக்கும். உழவனும் வருவான். 1967இல் வந்த விவசாயி படத்தில் எம்.ஜி.ஆர். உழவுத் தொழிலின் பெருமையைச் சொல்கிறார். ஆனால் அவர் நிலம் உள்ள வீட்டுப் பிள்ளை. அடுத்தவன் வயலில் அரைப்படி நெல்லைக் கூடக் கேட்டவனின் கதை அதில் இல்லை.

அப்படி ஒன்றுமே வரவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1965 பொங்கலுக்குப் பழநி வந்தது. ஜி. வி. அய்யரின் கன்னடப் படமான பூதானத்தின் தமிழ் வடிவம். பீம்சிங் இயக்கம், விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை, உழுது பிழைக்கும் அண்ணனாகச் சிவாஜி. குடும்பப் பாசத்தை எழுதிக் கைதேர்ந்த இயக்குநர் அந்தப் பாசத்தை நிலத்தோடு கட்டிப்போட்ட படம் அது. அதே நாளில் எங்க வீட்டுப் பிள்ளையும் வெளியானது. வசூலில் யார் ஜெயித்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அன்றைக்குக் கவுன்டரில் தோற்ற படம் அதன்பின் பட்டியல்களிலும் தோற்றுக்கொண்டே வந்திருக்கிறது. ஓடிய நாளை அளவுகோலாக வைத்ததன் நேரடி விளைவு இது. பட்டினத்துச் சேரி மக்களைப் பற்றி நட்சத்திரப் பலமில்லாமல் ஜெயகாந்தன் எடுத்து தேசிய அளவில் பாராட்டுப் பெற்ற உன்னைப்போல் ஒருவனுக்கு நேர்ந்ததும் இதிலிருந்து வெகு தூரமில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். ஐம்பதுகளில் எழுதிய கதையை ஜூலையில் வெளியிட்ட ஒருவரிடம் டிசம்பரில் நடந்ததற்குக் கணக்குக் கேட்பது என்ன நியாயம்? ஒரு நியாயமும் இல்லை. நாகராஜன் எடுக்க நினைத்ததை முழுமையாக எடுத்தார், அதற்குத்தான் முதலிடம். என் கேள்வி அந்த ஒரு படத்துக்கானது இல்லை, பத்தாண்டுகளுக்கானது. ஒரு பத்தாண்டைப் பொற்காலம் என்று பட்டம் சூட்டும்போது அதில் எது வரவில்லை என்பதும் மதிப்பெண்ணில் சேர வேண்டும். ஆள் இல்லாமல் போய்விடவில்லை. பாலசந்தர் நன்னிலம் பக்கத்து நல்லமாங்குடிக்காரர். கலைஞர் மு. கருணாநிதி பிறந்த திருக்குவளை அதே கீழத்தஞ்சையில் இருக்கிறது. டெல்டாவில் பிறந்து சென்னைக்குப் போன எழுத்தும் திறமையும் பட்டணத்து ஒண்டுக்குடித்தனத்தையும் மாளிகையையும் கோட்டை கொத்தளத்தையும் எழுதின. பண்ணைக் களத்தை அநேகமாகத் தொடவில்லை.

பகலெல்லாம் வெயிலில் வேலை செய்தவன் ராத்திரியும் தன் கஷ்டத்தையே திரையில் பார்க்க வேண்டுமா, அவன் கேட்டது கனவுதானே என்று இன்னொரு மறுப்பும் உண்டு. கனவு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பாசமலரில் மில் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கும் அண்ணனை அதே ஜனங்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். உழைப்பைக் காட்டினால் பார்க்க மாட்டார்கள் என்பது பார்வையாளர்கள் சொன்னதில்லை, அவர்கள் சார்பில் வேறு யாரோ சொன்னது.

யாரைக் கேட்டுப் பட்டியல் போடுகிறோம் என்பதைப் பொறுத்துப் பட்டியலே புரண்டுவிடும் என்பதற்கு வெளியுலகிலும் சாட்சி இருக்கிறது. லண்டனிலிருந்து வரும் சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகை 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை உலகின் சிறந்த படங்களுக்கு வாக்கெடுப்பு நடத்துகிறது. சிட்டிசன் கேன் 1962இலிருந்து 2002 வரை ஐந்து முறை முதலிடத்தில் அசையாமல் இருந்தது. 2012இல் வெர்டிகோ அதை இறக்கியது. 2022இல் வாக்காளர் வட்டத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 1,600 பேருக்கு மேல் கேட்டபோது முதலிடம் ஷான்டல் அகர்மனின் ஜான் டீல்மனுக்குப் போனது. 1975இல் வந்த படம். ஒரு பெண் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிப்பதையும் வீடு துலக்குவதையும் அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பது. இது ரசனைக்குள் அரசியல் புகுந்த கதை என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. முன்பு கேட்கப்படாதவர்கள் வந்து உட்கார்ந்ததும், முன்பு கண்ணில் படாத உழைப்பும் கண்ணில் பட்டிருக்கிறது. வீட்டு வேலையும் ஒரு படத்தின் பொருளாகும் என்று ஒப்புக்கொள்ளும் ரசனை, களையெடுப்பும் கதிரறுப்பும் பொருளாகும் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே, தில்லானா முதலிடத்திலேயே இருக்கட்டும். பத்துக்குள் பழநிக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும். அதற்காக எந்த வெள்ளி விழாப் படத்தை இறக்குவது என்று வாதாடலாம், அந்த வாதம் நல்லது. இறக்கக்கூடாது என்பவர்கள் தங்கள் படத்திலிருந்து காட்சியைச் சொல்லட்டும். கீழ்வெண்மணிக் கொடுமையை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய குருதிப்புனல் 1977இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அதைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் எடுத்த கண் சிவந்தால் மண் சிவக்கும் 1983இல் திரைக்கு வந்து, அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது. நெருப்பு வைத்த இரவுக்கும் அந்தப் படத்துக்கும் இடையே ஏறக்குறைய 15 ஆண்டுகள். எண்பதுகளின் பட்டியல் போட உட்காருபவர்கள் அந்தப் பெயரை எடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். எடுக்காவிட்டால் நினைவூட்டும் பொறுப்பு தஞ்சை ரசிகர்களுக்கு உண்டு.