தூக்கமும் உரிமைதான்

"அண்ணல் அம்பேத்கர் கண்விழித்துப் படித்தார், நீயும் தூங்காதே" என்று தேர்வு நேரத்தில் நம் பிள்ளைகளிடம் சொல்கிறோம். பாதிக் கதைதான் அது. பம்பாய் பரேலில் அவர் குடும்பத்துக்கு இருந்தது ஒற்றை அறை. முன்னிரவில் மகனைத் தூங்கவிட்டு விழித்திருந்த தந்தை ராம்ஜி, 2 மணிக்கு எழுப்பிப் படிக்க வைத்த பிறகே தாம் படுத்தார். இடமில்லாத வீட்டிலும் பிள்ளையின் தூக்கத்துக்கு ஒருவர் காவலிருந்தார்.

ஆதிதிராவிடர் நல விடுதியில் நெருக்கியடித்துப் படுக்கும் மாணவனிடம் "அமைதியான அறையில் படி, சத்தாகச் சாப்பிடு" என்பது அறிவுரையல்ல, கேலி. அங்கே ராம்ஜியின் இடத்தில் இருக்க வேண்டியது அரசு. படுக்க இடம், மின்விசிறி, நல்ல சோறு ஆகியவற்றைக் கேட்டு வாங்குவது நம் வேலை என்கிறேன்.

தம்பி, தங்கைகளே, தூங்கி எழுந்து படியுங்கள். மனம் தாங்காதபோது 14416-ஐ அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.