மூட்டு வலியால் சாவு வருமா? வரும்! வேறு பெயரில் வரும்!

"மூட்டு வலியால எவன் செத்தான்?" என்று கேட்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சாவுக் கணக்கில் "மாரடைப்பு" என்று இருக்கும். "நிமோனியா" என்று இருக்கும். "முடக்குவாதம்" என்று இருப்பது அபூர்வம். ஆனால் ஆளைக் கொண்டு போனதில் அதற்கும் பங்கு உண்டு!

வயசானால் வரும் முழங்கால் தேய்மானம் வேறு, முடக்குவாதம் வேறு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குவதுதான் முடக்குவாதம். காவல்காரனே வீட்டைக் கொள்ளையடிக்கிற கதை! ஆண்களைவிடப் பெண்களுக்கு 2, 3 மடங்கு அதிகம். 30, 40 வயதிலேயே வந்துவிடும். காலையில் எழுந்ததும் விரல் மடங்காது. இரண்டு கையிலும் வீக்கம் இருக்கும்.

இதயத்திலும் கை வைக்கும்

இது மூட்டோடு நிற்பதில்லை. ரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது. இதய நோய், பக்கவாதத்தால் சாகும் ஆபத்து மற்றவர்களைவிட இவர்களுக்குச் சுமார் ஒன்றரை மடங்கு. சிலருக்கு நுரையீரலில் தழும்பு விழுந்து மூச்சுத் திணறும். கிருமித் தொற்றும் சுலபமாகப் பிடிக்கும். பீடி, சிகரெட் பிடித்தால் இன்னும் மோசம்.

ஆயுள் 10 ஆண்டு வரை குறையும் என்று முன்பு சொன்னார்கள். சீக்கிரமே சிகிச்சையைத் தொடங்குபவர்களுக்கு இப்போது அந்த நிலை இல்லை. 1967-ல் தென் ஆப்பிரிக்காவில், உலகிலேயே முதன்முதலாக மனித இதயத்தை மாற்றி வைத்த டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்டுக்கும் இந்த நோய்தான். 1983-ல் அறுவை சிகிச்சையையே விட வைத்தது. ஆனாலும் 2001 வரை, 78 வயது வாழ்ந்தார்.

மாத்திரை உஷார்!

நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி முழுங்குகிறார்கள். வலி பறந்துவிடும். ஆனால் மாதக் கணக்கில் போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு பலம் போகும், கிருமிக்குக் கதவு திறக்கும். சொந்தமாகத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து.

நோயை அடக்க டாக்டர்கள் கொடுப்பது பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். அதை வாரத்தில் ஒரு நாள்தான் போட வேண்டும். தெரியாமல் தினமும் போட்டு உயிரை விட்டவர்கள் உண்டு!

சீட்டு இல்லாமல் மாத்திரை கொடுக்கும் கடைக்காரர்கள் யோசிக்க வேண்டும். மரணக் காரணம் எழுதும் படிவத்தில் துணைக் காரணத்துக்கும் இடம் இருக்கிறது. டாக்டர்கள் அதில் முடக்குவாதத்தையும் மறக்காமல் எழுத வேண்டும். அப்போதுதான் சர்க்காருக்கு உண்மைக் கணக்கு தெரியும்.

வீட்டில் அம்மாவுக்கோ, அக்காவுக்கோ விரல் வீங்கி, சில வாரம் ஆகியும் வற்றவில்லையா? தைலத்தை ஓரமாக வையுங்கள். சென்னை அரசு பொது மருத்துவமனையில் மூட்டு வாதத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஒரு நாள் லீவு போட்டாவது கூட்டிக்கொண்டு போங்கள். சம்பளம் ஒரு நாள் போனால் போகட்டும். ஆயுள் போனால் வராது!