தீப்புண் நோவும் செவிலியர் வினாவும்

தீப்புண்ணுற்றுக் கிடக்கும் ஒருவரிடம் செவிலியர், "வலிக்கிறதா?" என்று வினவுகின்றார். "இல்லை" என்று விடை வருகின்றது. நோவு இல்லை என்று குறிப்பேட்டில் பதிவாகின்றது. தமிழ் பேசும் அந்நோயாளி மறுத்ததோ வலியை மட்டுமே. எரிச்சலைப் பற்றி அவரை எவரும் கேட்கவில்லை. தமிழில் வலித்தல் வேறு, எரிதல் வேறு. குத்தல், கடுப்பு, விண்ணென்று தெறித்தல், புண் ஆறுங்கால் எழும் நமைச்சல் எனத் துன்பம் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வழங்குகின்றது. ஒரே சொல்லால் எழுப்பும் வினா இவற்றுள் ஒன்றனை மட்டுமே அறியவல்லது.

புனே நகரின் கேம்ப் பகுதியில் இவ்விடர் இன்னும் ஒரு படி ஏறுகின்றது. 1817-ஆம் ஆண்டை ஒட்டிப் பிரிட்டிஷ் படையின் பாளையமாக உருப்பெற்ற இவ்விடத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அவர்களுக்கு மராத்தி புதிதன்று. ஆனால் மகன் வீட்டிற்கு அண்மையில் வந்து சேர்ந்த முதியவளின் நிலை வேறு. அருகே, 1867-இல் டேவிட் சஸூனின் கொடையால் எழுந்த சஸூன் மருத்துவமனை போன்ற பெரிய நிலையம் எதிலும், "துக்தய் கா?" என்பதே இயல்பான கேள்வி. வலிக்கிறதா என்பது அதன் பொருள். தமிழ்ச் செவிக்கு அது துக்கத்தைப் பற்றிய கேள்வியாகப் படலாம். எரிச்சலைக் குறிக்கும் 'ஆக்' என்னும் சொல்லையும் உடன் சேர்த்துக் கேட்டு, தமிழிலும் ஒருமுறை கேட்கச் செய்தால் விடை மாறக்கூடும்.

ஆழ்ந்த தீப்புண் வலிக்காது என்று கூறுவதுண்டு. இது பாதியுண்மை. தோலின் முழு ஆழமும் வெந்த இடத்தில் நரம்பு முனைகள் அழிந்து உணர்ச்சி மரத்துப்போகும். அதனைச் சூழ்ந்துள்ள, அரைகுறையாக வெந்த விளிம்போ காற்றுப் பட்டாலும் துடிக்கும். மேலும், நாள் முழுவதும் அடங்காதிருக்கும் நோவு ஒன்று. கட்டு அவிழ்த்துப் புண் கழுவுங்கால் பொங்கியெழும் நோவு மற்றொன்று. படுக்கையில் அமைதியாக இருக்கையில் கேட்டறிந்த விடை, கழுவும் வேளைக்குச் செல்லாது. ஆகவே கட்டு மாற்றுவதற்கு முன்னும், மாற்றும்பொழுதும், பின்னும் கேட்டல் வேண்டும். வாய்வழி உட்கொள்ளும் மார்பின் முழுப் பயன் தர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். கட்டு அவிழ்த்தபின் கேட்டறிவது காலங்கடந்த செயல். (மார்பின் போன்ற இன்றியமையா மருந்துகள் கிடைப்பதை எளிதாக்கும் பொருட்டு, 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டது. சட்டம் தளர்ந்த அளவிற்கு அச்சம் தளர்ந்ததாகச் சொல்வதற்கில்லை.)

அனுபவம் மிக்க செவிலியர் முகம் பார்த்தே நோவை அளந்துவிடுவர் என்னும் நம்பிக்கை பரவலாக உண்டு. கனடாவில் நிகழ்ந்து 1990-இல் வெளியான ஆய்வொன்று, தீப்புண் நோயாளியின் கணிப்பும் செவிலியர் கணிப்பும் அடிக்கடி மாறுபடுவதைக் காட்டியது. இவ்விடைவெளியைக் குறைக்கவே, 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டல்சா நகரில், தீப்புண் பிரிவிலிருந்த குழந்தைகளின் துணையுடன் டோனா வாங், கோனி பேக்கர் என்னும் இருவர் ஆறு முகப்படங்கள் கொண்ட அளவையை அமைத்தனர். எழுத்தறியாதாரும் அதனைப் பயன்கொள்ளலாம். ஆயினும் சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகத்தில் முடிவதால், நோவைக் காட்டாது தன் மனநிலையைக் காட்டிவிடும் குழந்தையும் உண்டு. பள்ளியாசிரியர் இதனை எளிதில் உணர்வர்.

மொழி தெரிந்த உறவினரை இடைநிறுத்துவது எளிய வழியாகத் தோன்றும். எனினும், அரைமணி நேரப் புலம்பலை "கொஞ்சம் வலிக்கிறதாம்" என்று சுருக்கிவிடுபவர் அவரே. அடுக்களையில் தீப்பட்ட பெண்ணின் அருகில் புகுந்த வீட்டார் நின்றால், அவள் நோவைக்கூட வாய்விட்டுச் சொல்லாள். அவ்வேளையில் உறவினரை வெளியே நிறுத்திவிட்டு, தமிழறிந்த பணியாளர் ஒருவரை அழைத்தல் தகும். தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் நோவுச் சொற்களை எழுதிய அட்டை ஒன்று படுக்கையருகே தொங்கலாம். இரு கைகளும் கட்டுண்டிருப்பின் அட்டையைச் சுட்டவும் இயலாது. செவிலியர் ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்காட்டி, கண் இமைக்கும் இடத்தில் நிறுத்திக் குறித்துக்கொள்ள வேண்டும்.